தினமும் ஒருவரை அழைக்கத் தொடங்கினேன்

வேலையை இழந்த பிறகு காலையில் எழுவதே பாரமாக இருந்தது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. வேதாகமத்தின் 42ஆம் சங்கீதத்தைப் பாடியவர் தம் கலக்கத்தை மறைக்கவில்லை. தம் ஆத்துமாவிடமே காரணம் கேட்கிறார். அதையே சத்தமாக வாசித்து என் ஜெபமாக்கிக்கொண்டேன்.

ஆனால் வழி திறந்தது எலியா தீர்க்கதரிசியிடம்தான். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் அவர் சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். தேவன் கடிந்துகொள்ளவில்லை. முதலில் உறக்கம், அப்பம், தண்ணீர். பிறகு ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம். 'நான் ஒருவன்தான் மீந்திருக்கிறேன்' என்று இரண்டு முறை புலம்பியவருக்கு எலிசா என்னும் துணையையும் காட்டுகிறார். எவ்வளவு கனிவு!

நானும் அப்படியே நேரத்தோடு உறங்கினேன். தினமும் சபையில் ஒருவரை அழைத்து, "உங்களுக்காக எதற்கு ஜெபிக்கட்டும்?" என்று கேட்டேன். என் கவலையைச் சொல்வதைவிட இது எளிதாக இருந்தது. ஒரு நாள், கணவரை இழந்த அம்மா ஒருவர், "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டார். மனம்விட்டு அழுதேன். (மருத்துவர் தேவைப்படும் சோர்வும் உண்டு, அங்கே தயங்கவே கூடாது.)

வேலை தாமதமாகத்தான் கிடைத்தது. அந்த அம்மாவும் நானும் இன்றும் வாரந்தோறும் சேர்ந்து ஜெபிக்கிறோம்.