கன்சல்டிங்கில் முதல் ப்ராஜெக்ட்: எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஸ்லைடைத் தொடுங்கள்

கன்சல்டிங் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது எண்ணில்தான். கிளையன்டின் நிதித் தலைவர் ஸ்லைடைப் பார்த்து, ‘இது எங்கள் கணக்கோடு ஒத்துவரவில்லையே’ என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு வரும் முப்பது ஸ்லைடையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அதனால் டேட்டா கைக்கு வந்ததும் வந்த ஃபைலை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். முதல் வேலை, மொத்தம் போட்டுத் தணிக்கையான கணக்கோடு ஒப்பிடுவது. இடித்தால் இவற்றைப் பாருங்கள்: ஒரே பில் இரண்டு முறை ஏறியிருக்கும், ஒரு கிளை முழுத் தொகையாகவும் இன்னொன்று ஆயிரங்களிலும் கொடுத்திருக்கும், திரும்பி வந்த சரக்கைக் கழித்திருக்கமாட்டார்கள், ஒரு ஷீட் காலண்டர் ஆண்டு, மற்றது நிதியாண்டாக இருக்கும். வித்தியாசம் ஏன் என்று தெரியாமல் ஒரு சார்ட்கூடப் போடாதீர்கள்.

எக்செல் ஃபார்முலாவுக்குள் 1.05 என்று நேரடியாக எண்ணைப் புகுத்துவது கெட்ட பழக்கம். அதைத் தனி செல்லில் வைத்து, எங்கிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து இரவு பத்து மணிக்கு மேனேஜர் கேட்கும்போது ஞாபகம் கைகொடுக்காது.

‘மீசீ’ (MECE) என்ற சொல் தினமும் காதில் விழும். மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனத்தில் 1960களில் பார்பரா மின்டோ உருவாக்கியது. ஒரு பிரச்சினையைப் பிரிக்கும்போது பிரிவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, எதுவும் விட்டுப்போகவும் கூடாது, அவ்வளவுதான். லாபம் குறைந்தால் வருமானம், செலவு என்று பிரியுங்கள். வருமானத்தை விலை, அளவு என்று பிரியுங்கள். ‘டீலர் விற்பனை, புது வாடிக்கையாளர், ஆன்லைன்’ என்று பிரித்தால் ஒரே தொகை இரண்டு இடத்தில் எண்ணப்பட்டுவிடும்.

ஸ்லைடுக்கு ‘வடக்கு மண்டல விற்பனை’ என்று தலைப்பு வைக்காதீர்கள். ‘வடக்கில் விற்பனை 12 சதவீதம் சரிவு, சரிவில் முக்கால்வாசி இரண்டே டீலர்களிடம்’ என்று எழுதினால் முடிவு தலைப்பிலேயே வந்துவிடும், கீழே இருக்கும் சார்ட் அதற்குச் சாட்சி. தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். வாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் கலரும் ஐகானும் காப்பாற்றாது. ஸ்லைடு போடும் முன் வெற்றுச் சட்டகத்தைக் காகிதத்தில் வரைந்து மேனேஜரிடம் பதினைந்து நிமிடம் பேசிவிட்டால், ஓர் இரவு உழைப்பு வீணாகாமல் மிஞ்சும்.

எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதும் டைம்ஷீட்டை அன்றன்றே போடுங்கள்; வாரக் கடைசியில் யோசித்து நிரப்பினால் தப்பு வரும், கிளையன்டுக்குப் போகும் பில்லிலும் அந்தத் தப்பு ஏறும்.

டேட்டா எடுத்துக் கொடுக்கும் கிளையன்ட் ஊழியரிடம் மிகவும் மரியாதையாக இருங்கள். நீங்கள் வந்திருப்பதே தன் வேலைக்கு ஆபத்து என்று அவர் பயந்திருக்கலாம். எது எதற்காக வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். வேலை போகாது என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. அவர் கொடுத்த எண்ணை அவருடைய மேலதிகாரிகள் முன்னால் திரையில் போடுவதற்கு முந்தைய நாளே அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்திக் கொடுத்துவிடுவார்.