குமிழி ஓடுகிறது, செடி வாடுகிறது: கார்பன் டை ஆக்சைடு குழாயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் மூன்றடி மீன்தொட்டியில் நீர்ச்செடி வளர்க்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப்போய்க் காட்டினார். செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு தரும் சிலிண்டரை ஒட்டியிருந்த பபிள் கவுண்டரில் (குமிழி எண்ணும் குப்பியில்) நொடிக்கு நான்கு குமிழிகள் மணிமணியாக ஏறிக்கொண்டிருந்தன. தொட்டிக்குள், வாயுவை நுண்குமிழிகளாக்கி நீரில் கலக்கும் டிஃப்யூசரின் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஓர் இழை. ரோடாலா செடியின் இலைகளில் பாசி. கவுண்டருக்கும் டிஃப்யூசருக்கும் நடுவே இரண்டு மீட்டர் சிலிக்கான் குழாய். பத்து ஆண்டுகளுக்கு முன் என் தொட்டியில் நான் மாட்டியிருந்த அதே வகைக் குழாய்!

குழாய் மடங்குவது, கதவிடுக்கில் நசுங்குவது போன்றவை கண்ணுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏர் பம்ப் குழாயையே மாட்டுவது

சிலிக்கான் காற்றுப் பம்புக்கு நல்ல குழாய்தான். ஆனால் கார்பன் டை ஆக்சைடு அதன் சுவர் வழியாகவே கசிந்து வெளியேறிவிடும். ஓட்டை எதுவும் தேவையில்லை. அந்தப் பொருளின் தன்மையே அதுதான். பாலியூரித்தேன் குழாயைவிடப் பல பத்து மடங்கு வாயுவை அது வெளியே விடும். டிஃப்யூசருக்காக, சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில் 2 பார் அழுத்தம் வைத்தால் இழப்பு இன்னும் கூடும்.

இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பபிள் கவுண்டர் குழாய்க்கு முன்னால் இருப்பதால், அதில் எண்ணுவது சிலிண்டரை விட்டுக் கிளம்பும் வாயுவை. தொட்டிக்கு வந்து சேர்வதை அல்ல. சோப்பு நீர் தடவினால் இணைப்பில் உள்ள கசிவு நுரைக்கும். சுவர் முழுவதும் பரவிக் கசிவது நுரைக்காது. அன்று நான் இது தெரியாமல் இணைப்புகளை எல்லாம் கழற்றி மாட்டினேன், உரத்தை மாற்றினேன், விளக்கை மாற்றினேன். குமிழியை ஆறு வரை கூட்டினேன். 2 கிலோ சிலிண்டர் இரண்டே மாதத்தில் தீர்ந்தது.

கடைசியில் குழாயை மாற்றிய நாளில் வேறொரு தவறு செய்தேன்: வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வைக் குறைக்கவில்லை. அதுவரை காற்றில் போன வாயு முழுவதும் தொட்டிக்குள் இறங்கியது. நீரில் உள்ள வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் மாலையில் மஞ்சளாகியிருந்தது; வாயு மிகுந்துவிட்டது என்று பொருள். மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து தவித்துக்கொண்டிருந்தன. இரண்டு மீன்கள் பிழைக்கவில்லை. அதனால்தான் இந்தக் குழாயைக் கண்டாலே எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நீங்கள் குழாயை மாற்றும்போது நொடிக்கு ஒரு குமிழியில் தொடங்குங்கள். டிராப் செக்கர் இரண்டு மணி நேரம் பின்தங்கித்தான் நிறம் மாறும். பொறுத்திருந்து பச்சை வரும்வரை மெல்லக் கூட்டுங்கள்.

வாங்க வேண்டியது 4 மி.மீ. உள்விட்டமும் 6 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட பாலியூரித்தேன் குழாய். நியூமேட்டிக் பொருள்கள் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

கண்ணாடியில் விறைப்பான குழாயைத் திணிப்பது

கண்ணாடி டிஃப்யூசரின் கழுத்து முறிந்துவிடும். அந்த ஓர் இணைப்பில் மட்டும் விரல்நுனி அளவு சிலிக்கான் துண்டு போடலாம். அவ்வளவு சிறிய துண்டில் இழப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல.

கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டுவது

பிளேடால் நேராக வெட்டுங்கள். சாய்ந்த முனை இணைப்பில் சரியாக உட்காராது.

செக் வால்வு (ஒருவழி வால்வு) இல்லாமல் விடுவது

இரவில் வாயு நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே ரெகுலேட்டர் வரை இறங்கும். வால்வின் அம்புக்குறி தொட்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

தேவைக்கு மேல் நீளம்

வெட்டிவிடுங்கள்.