அமெரிக்காவின் ஜனநாயகத்தை விவாதிக்க ஆயத்தமாவது எப்படி?

இந்தத் தலைப்பில் பேசப் போகிறவர் முதலில் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கா தன் குடிமக்களை எப்படி ஆள்கிறது என்பது ஒரு கேள்வி. அயல்நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிகளிடம் எப்படி நடந்துகொண்டது என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்தால், ஒன்றில் சிக்கியவர் மற்றொன்றுக்குத் தாவித் தப்பிவிடுவார்.

உள்நாட்டுக் கேள்விக்குச் சட்டங்களையும் தேர்தல் முடிவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கு உறுதியான பாதுகாப்பு தந்த 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவொன்றை 2013-இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. 2000, 2016 தேர்தல்களில் நாடு முழுவதும் குறைவான வாக்குகள் பெற்றவரே அதிபரானார்.

அயலுறவில் பத்து நாடுகளின் பெயரை அடுக்குவதைவிட ஒன்றை ஆழமாகப் படிப்பதே வலுவான வாதம் என்பது என் கருத்து. ஈரானை எடுத்துக்கொள்வோம். 1951-இல் நாடாளுமன்றத்தின் ஆதரவோடு பிரதமரான மொசாதேக், பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையிலிருந்த எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கும் சட்டத்தைச் செயல்படுத்தினார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் திட்டத்தில் அவருடைய ஆட்சி கவிழ்க்கப்பட்டது. தன் பங்கை சிஐஏவே ஒப்புக்கொள்ளும் ஆவணம் 2013-இல் வெளியானது. அமெரிக்காவை விமர்சிக்கும் தரப்பில் பேசுகிறீர்கள் என்றால் அதையே முதலில் முன்வையுங்கள். எதிர்த்தரப்பு சும்மா இருக்காது: ஆட்சி கவிழ்க்கப்பட்ட அதே மாதம் நாடாளுமன்றத்தைக் கலைக்க மொசாதேக் நடத்திய பொதுவாக்கெடுப்பில் ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் தனித்தனி வாக்குச்சாவடிகள் இருந்தனவே, அது எந்த ஜனநாயகம் என்று கேட்பார்கள். அந்தக் குறையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதைத் திருத்தும் உரிமை ஈரானியருக்கே உரியது என்று வாதிடுங்கள்.

போருக்குப் பிந்தைய ஜப்பானிலும் மேற்கு ஜெர்மனியிலும் ஜனநாயகம் வேரூன்ற அமெரிக்கா துணைநின்றதையும் மறுக்க வேண்டாம். ரஷ்யாவும் சீனாவும் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், அது தனி விவாதம் என்று சொல்லிவிட்டு ஈரானுக்கே திரும்புங்கள்.

எதிர்த்தரப்பில் நிற்பவருக்கும் நல்ல சான்று உண்டு. 1971 ஏப்ரலில், கிழக்கு பாகிஸ்தானில் ராணுவம் மக்களைக் கொன்று குவித்தபோது, டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட், ஜனநாயகம் நசுக்கப்படுவதை நம் அரசு கண்டிக்கத் தவறிவிட்டது என்று கூறும் தந்தியை வாஷிங்டனுக்கு அனுப்பினார். இருபது அமெரிக்க அலுவலர்கள் அதில் கையெழுத்திட்டிருந்தனர். இத்தகைய எதிர்ப்புக்கு அந்த அமைப்பில் இடமிருந்தது என்பது உண்மை. ஆனால் அன்றைய அதிபர் நிக்சன் பாகிஸ்தானின் ராணுவ ஆட்சிக்கே துணைநின்றார், பிளட் டாக்கா பதவியிலிருந்து அகற்றப்பட்டார் என்பதையும் அந்தத் தந்தியைக் காட்டுபவர் சேர்த்தே சொல்ல வேண்டும்.