மகளின் சுமையில் ஒன்றை முழுதாக வாங்கிக்கொண்டேன்

என் மகள் வேலைக்குச் சென்றுகொண்டே முதுநிலைப் படிப்பும் படிக்கிறாள். 6 வயதில் ஒரு மகன் இருக்கிறான். சில மாதங்களாக, இரவு 11 மணிக்கு மேல் புத்தகத்தைத் திறந்து அதே பக்கத்திலேயே கண்ணயர்வதும், கட்டுரைகளைத் தவணை கடந்து அனுப்புவதும், சிறு சொல்லுக்கும் சீறுவதும் வழக்கமாகிவிட்டன.

முதலில் அறிவுரை கூறினேன், பேச்சே குறைந்தது. பிறகு, "என்ன உதவி வேண்டும், சொல்லம்மா" என்று நாள்தோறும் கேட்டேன். "ஒன்றும் வேண்டாம், அம்மா" என்பதே பதில். எதை என்னிடம் ஒப்படைக்கலாம் என்று யோசித்துச் சொல்வதும் அவளுக்கு இன்னொரு வேலைதான் என்பது தாமதமாகவே எனக்கு விளங்கியது.

எனவே கேட்பதை விட்டு, செவ்வாய், வியாழன் மாலைகளில் பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது முதல் உறங்கவைப்பது வரை நானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன், சம்மதித்தாள். அப்படியும் இரண்டு வாரங்கள் பலனில்லை. ஒருநாள் மேசையில் கிடந்த அவள் கைபேசி இடைவிடாமல் ஒலித்தபோதுதான் காரணம் தெரிந்தது. நாளைக்கு வண்ணத்தாள் வேண்டும், சீருடை மாற்றம், கையொப்பம் எனப் பள்ளிச் செய்திகள் அனைத்தும் அவள் எண்ணுக்கே வந்துகொண்டிருந்தன. வேலை என் கையில் இருந்தாலும், அதை நினைவில் வைத்திருக்கும் பாரம் அவள் தலையிலேயே இருந்தது.

மறுநாளே பள்ளியில் என் எண்ணை முதல் தொடர்பாகப் பதிவுசெய்து, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் அவளுக்குப் பதிலாக நான் சேர்ந்தேன். அடுத்த கட்டுரை தவணைக்கு ஒரு நாள் முன்னதாகவே சென்றது, எனக்கும் நிம்மதியாயிற்று.