உறைமோரும் இளஞ்சூடும்: வீட்டில் தயிரும் கெஃபிரும் தோய்க்கும் முறை

பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு கரண்டி மோர் விட்டு மூடி வைத்தால் விடியும்போது தயிர் இருக்கும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதே அடுப்பில், அதே பாலில், ஒரு நாள் தயிர் கட்டியாகவும் மறுநாள் நீர்த்தும் இன்னொரு நாள் கொழகொழவென்றும் அமைவதையும் பார்த்திருக்கிறோம். இதைக் கைராசி என்று சொல்லிவிடுவது வழக்கம். பல ஆண்டுகளாக அன்றாடம் தோய்த்துப் பார்த்ததில், அந்தக் கைராசி பெரும்பாலும் இரண்டு விஷயங்களில் அடங்கிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது: உறை ஊற்றும்போது பாலில் இருக்கும் சூடு ஒன்று, உறைமோரின் உயிர்ப்பு மற்றொன்று.

முதலில் பால். பாக்கெட்டில் சமன்படுத்திய பால் என்று அச்சிட்டிருந்தால் அதில் 3 சதவீதக் கொழுப்பும், நிலைப்படுத்திய பால் என்றால் 4.5 சதவீதமும், நிறைகொழுப்புப் பால் என்றால் 6 சதவீதமும் இருக்கும். அன்றாடம் சாதத்தில் பிசைந்து உண்ணச் சமன்படுத்திய பாலே போதும். கத்தியால் வெட்டி எடுப்பது போன்ற கட்டித் தயிர் வேண்டுமென்றால் நிறைகொழுப்புப் பாலையோ எருமைப் பாலையோ நாட வேண்டும். இலங்கையில் மண்சட்டியில் தோய்த்து, கித்துள் என்னும் பனைவகையின் பாணி ஊற்றி உண்ணும் தயிர் அத்தனை கட்டியாக இருப்பதற்கு எருமைப் பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் பெரிய காரணம். மெல்லிய பாலே கைவசம் இருந்தால், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரைச் சிறிது பாலில் கட்டியில்லாமல் கரைத்துச் சேர்த்துக் காய்ச்சலாம்.

பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டுரைஸ் செய்யப்பட்டதுதானே, பின் ஏன் காய்ச்ச வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கிருமிகளைப் போக்குவது மட்டும் காய்ச்சுவதன் நோக்கமாக இருந்தால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் பால் நன்றாகக் கொதிக்கும்போது, அதில் கரைந்திருக்கும் நீர்ப்புரதங்கள் தம் உருவம் குலைந்து கேசீன் என்னும் முதன்மைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் தயிர் தோயும்போது உருவாகும் வலைப்பின்னல் உறுதியாகவும் தண்ணீரைப் பிடித்து வைப்பதாகவும் அமைவதற்கு இந்தச் சேர்க்கைதான் காரணம். ஆகவே பொங்கியவுடன் இறக்கிவிடாமல், தீயைக் குறைத்து, அடிபிடிக்காதபடி கிளறிக்கொண்டே மேலும் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். எட்டு நாள் நீர்த்த தயிர் தோய்த்தவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைச் சேர்த்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

அடுத்தது ஆற்றுதல். எல்லாத் தவறும் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. உறைமோரில் இருப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள். அவை பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன; அமிலம் ஏறி பிஎச் அளவு 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பால் முழுவதும் ஒரே கட்டியாக உறைகிறது. இந்த வேலைக்கு 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரையிலான இளஞ்சூடு ஏற்றது. 50 டிகிரியைத் தாண்டினால் அவற்றில் பல சோர்ந்துபோகும், 60-ல் பெரும்பாலானவை மடிந்துவிடும். 30-க்குக் கீழே போனால் சாகாது, ஆனால் வேலை மெதுவாகும். வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், நன்றாகக் கழுவித் துடைத்த சுண்டுவிரலைப் பாலில் வைத்து நிதானமாகப் பத்து வரை எண்ண வேண்டும். பத்து எண்ணுமுன் விரலை எடுக்கத் தோன்றினால் இன்னும் ஆற வேண்டும்; சூடு இருப்பதே உறைக்காவிட்டால் ஆறிப்போய்விட்டது, சற்றே சூடேற்ற வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரின் பதம் என்று என் பாட்டி சொல்வது இதைத்தான்.

உறைமோரின் அளவில் தாராளம் கூடாது. அரை லிட்டர் பாலுக்குக் கோடையில் ஒரு டீஸ்பூன், மார்கழி தை மாதங்களில் ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கு சரியாக வரும். நிறைய ஊற்றினால் சீக்கிரம் தோயும் என்பது உண்மைதான், ஆனால் அமிலம் வேகமாக ஏறி வலை சீராகப் பின்னுமுன் இறுகிவிடுவதால் தயிர் மணல்மணலாகி நீர் பிரியும், மதியத்துக்குள் புளித்தும் போகும். உறைமோரை முதலில் பாத்திரத்தின் அடியில் விட்டு, இரண்டு கரண்டி இளஞ்சூட்டுப் பாலைச் சேர்த்து வழவழப்பாகும் வரை அடித்துவிட்டு, பிறகு மீதிப் பாலை ஊற்றி ஒருமுறை கலக்கினால் எல்லா இடத்திலும் ஒரேபோலப் பரவும். கடைத் தயிரை உறைக்கு எடுப்பதானால் சர்க்கரையும் பழமும் சேராத வெறும் தயிராக, கூடிய மட்டும் அண்மைத் தேதியுள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும். தோய்ந்த பிறகு மீண்டும் சூடுபடுத்தி அடைத்த வகைகளில் உயிர் இருக்காது.

இங்கே ஒரு சிறு விளக்கம். யோகர்ட் என்று உலகச் சந்தையில் விற்பது லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்னும் இரண்டு பாக்டீரியாக்கள் சேர்ந்து உண்டாக்குவது. இவற்றில் முதலாவதை 1905-ல் பல்கேரியரான ஸ்டாமென் கிரிகோரோவ் கண்டறிந்தார். நம் வீட்டு உறைமோர் அப்படி இரண்டு பேரோடு நிற்பதில்லை. லாக்டோகாக்கஸ் போன்ற, மிதமான சூட்டிலும் வளரும் வகைகள் அதில் கலந்திருப்பதால்தான் கருவி எதுவும் இல்லாமல் அடுக்களை மேடையிலேயே அது தோய்கிறது. வீட்டுக்கு வீடு தயிரின் மணம் மாறுவதும் இந்தக் கலவையால்தான். பக்கத்து வீட்டில் வாங்கி வந்த உறைமோர் கொண்டுவருவது அந்த வீட்டின் கலவையை.

மூடி வைத்த பிறகு பாத்திரத்தைத் தொடவே கூடாது. பாதி பின்னிய வலை ஒரு குலுக்கலில் அறுந்தால் மறுபடி சேராது. சென்னையின் மே மாத வெயிலில் நான்கைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும். குளிர்காலத்தில் எட்டு முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். ஒரு டிசம்பரில் மலைப்பகுதியில் தங்கியிருந்தபோது, இரவு உறை ஊற்றிய பால் காலையிலும் பாலாகவே இருந்தது. அதைக் கொட்டிவிடாமல், பாத்திரத்தோடு வெந்நீர் நிறைந்த அகலமான சட்டியில் அரை மணி நேரம் உட்கார்த்தி, பிறகு துண்டில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். மதியம் நல்ல தயிர் கிடைத்தது. குளிர் நாடுகளில் இருப்பவர்கள் சூடேற்றாத ஓவனுக்குள் (மின்னடுப்புப் பெட்டி) விளக்கை மட்டும் எரியவிட்டு வைக்கலாம். ஹாட் பாக்ஸும் இன்ஸ்டன்ட் பாட் என்னும் மின்குக்கரும் அதே வேலையைச் செய்யும்.

தோய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கரண்டி வேண்டியதில்லை. பாத்திரத்தை மிக மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தால், தயிர் முழுதும் ஒன்றாக அசைந்து, விளிம்பை விட்டு நூலளவு விலகி, அந்த இடைவெளியில் இளமஞ்சள் பச்சை கலந்த தெளிந்த நீர் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோடு தெரிந்தவுடன் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மேலும் ஒரு மணி நேரம் வெளியில் இருந்தாலே புளிப்பு ஒரு படி ஏறும். இரண்டு மூன்று மணி நேரம் குளிர்ந்தபின் தயிர் இன்னும் இறுகும். மண்சட்டியில் தோய்த்தால் அதன் நுண்துளைகள் உபரி நீரை உறிஞ்சிக்கொள்வதால் கட்டி கூடும். மாக்கல் சட்டி, கண்ணாடி, எவர்சில்வர் எல்லாம் ஏற்றவை. அலுமினியத்திலும் வெள்ளீயம் பூசாத பித்தளையிலும் தோய்க்கவே வேண்டாம், புளிப்பு உலோகத்தைக் கரைக்கும்.

மறுநாளைக்கான உறையை யாரும் கை வைக்குமுன் எடுத்துவிட வேண்டும். உலர்ந்த, சுத்தமான கரண்டியால் நடுவிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் மூடி வைத்தால் ஐந்தாறு நாள் தாங்கும். ஊருக்குப் போகிறவர்கள் ஐஸ் தட்டில் கட்டிகளாக உறையவைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்தபின் முதல் முறை சற்றுத் தாமதமாகத் தோயும், இரண்டாம் முறை சரியாகிவிடும்.

தயிர் நூல்நூலாக இழுபடுவது பலரைக் கலங்க வைக்கிறது. சில பாக்டீரியாக்கள் பசைபோன்ற சர்க்கரைத் தொடர்களை வெளியிடுவதால் இப்படி ஆகிறது. சூடு குறைந்த நாட்களில் அவை மேலோங்கும். அந்த உறையைத் தொடராமல் வேறு வீட்டு உறைமோரை வாங்கி, பாத்திரங்களை வெந்நீரில் கழுவி, பாலைச் சற்று கூடுதல் சூட்டில் தோய்த்தால் சரியாகும். ஈஸ்ட் வாடையோ குமிழிகளோ தெரிந்தாலும், மேலே இளஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ பூசணம் படிந்தாலும் முழுவதையும் கொட்டிவிட வேண்டும், மேற்பகுதியை மட்டும் வழித்துவிட்டு உண்ணக் கூடாது. எதைச் செய்தும் ஒரு குறிப்பிட்ட பால் தோயவில்லையென்றால், மாட்டுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மருந்தின் மிச்சம் அதில் இருக்கக்கூடும். அப்போது பாலைத்தான் மாற்ற வேண்டும்.

உறைமோரே இல்லாத இடத்தில் பச்சை மிளகாய்க் காம்பு கைகொடுக்கும். நன்றாகக் கழுவிய நான்கைந்து காம்புகளை இளஞ்சூட்டுப் பாலில் அமிழ்த்தி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கதகதப்பாக வைத்தால் பால் உறையும், ஏனெனில் செடிகளின் மேல் லாக்டிக் பாக்டீரியாக்கள் இயல்பாகவே வாழ்கின்றன. முதல் தயிர் தளர்வாக இருக்கும், அதை உறையாக மட்டும் பயன்படுத்தி அடுத்த முறை தோய்த்ததையே உண்ண வேண்டும். எலுமிச்சைச் சாறு இந்த வேலைக்கு ஆகாது. அது பாலைத் திரிக்கும், தோய்க்காது.

இனி கெஃபிர். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட காக்கசஸ் மலைநாட்டு மக்களின் புளித்த பால் பானம் இது. தயிருக்கு உறைமோர் போல இதற்குக் கெஃபிர் மணிகள் வேண்டும். வெண்ணிறத்தில் சின்னஞ்சிறு காலிஃபிளவர் பூத்துண்டுகள் போல, விரலில் நசுக்கினால் ரப்பர் போல நெகிழும் இந்த மணிகளில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. இவற்றை யாரும் புதிதாகச் செய்துவிட முடியாது. வளர்ப்பவரிடம் இருந்து ஒரு பங்கு பெற்றுத்தான் தொடங்க வேண்டும். கடையில் விற்கும் கெஃபிர் பொடியிலும் பானம் கிடைக்கும், ஆனால் மணிகள் வளராது.

காய்ச்சி முழுவதும் ஆறிய பாலில், 250 முதல் 500 மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி மணிகள் என்ற அளவில் போட்டுக் கண்ணாடிச் சீசாவில் வைக்க வேண்டும். தயிரைப் போல இதற்கு இளஞ்சூடு கூடாது, 20 முதல் 25 டிகிரியே போதும். அந்தக் குளுமையில் ஒரு நாள் ஆகும், நம் ஊர் வெயிலில் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் மாலையில் வைத்து விடிந்ததும் வடிகட்டுவது பாதுகாப்பு. ஈஸ்ட் கரியமில வாயுவை விடுவதால் மூடியை இறுக்கினால் சீசா வெடிக்கவும் கூடும். துணியால் மூடி நூலால் கட்டினால் போதும். அதே ஈஸ்ட்டால் இதில் மிகச் சிறிதளவு ஆல்கஹாலும் உண்டாகும் என்பதை, குழந்தைகளுக்குக் கொடுப்பதற்குமுன் அறிந்திருப்பது நல்லது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டபிறகே அருந்த வேண்டும்.

வடிகட்டியதும் மணிகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், அதிலுள்ள குளோரின் அவற்றுக்கு ஆகாது. அப்படியே புதிய பாலில் போட்டுவிடலாம். ஒரு வாரம் இடைவெளி வேண்டுமென்றால் பாலில் மூழ்கவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்தபின் முதல் தடவைப் பானம் சற்று மந்தமாக வரும், அதைக் கொட்டிவிட்டு அடுத்ததைக் குடிக்கலாம். நன்றாக ஊட்டப்பட்ட மணிகள் சில வாரங்களில் பெருகிச் சீசாவை அடைக்கத் தொடங்கும். அப்போது பாதியை எடுத்து, சிறிது பாலோடு ஒரு டப்பாவில் இட்டு, கேட்டவருக்குக் கொடுத்துவிடலாம்.