இதயத்தசைத் தடிப்பு நோய்: எங்கள் வீட்டில் நடந்த தவறுகள், உங்கள் வீட்டில் நடக்க வேண்டாதவை

என் தம்பி முதல்முறை மயங்கி விழுந்தபோது அவனுக்கு வயது 26. சித்திரை வெயிலில் வியாசர்பாடியில் ஒரு கால்பந்து மேட்ச் முடிந்து, மைதானத்து ஓரமாக நடந்து வந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். அரை நிமிடத்தில் எழுந்தும் விட்டான். "வெயில்தாண்ணா, காலையில ஒண்ணும் சாப்பிடல" என்றான். ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மூன்று மாதம் கழித்து எடுத்த எக்கோவில் (இதயத்தைப் படம்பிடிக்கும் ஸ்கேன்)தான் அவனுக்கு இதயத்தசை தடித்திருப்பது தெரிந்தது.

அந்த இளநீர்தான் நாங்கள் செய்த முதல் தவறு. கூட்டத்தில் வெகுநேரம் நின்று, கண் இருட்டி, வியர்த்து மயங்குவது வேறு. ஓடும்போதோ, ஓடி நின்ற உடனேயோ பொத்தென்று விழுவது வேறு. இரண்டாவது வகை மயக்கம் ஒரே ஒரு முறை வந்தாலும் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். "ஒரு தடவைதானே" என்று விடக்கூடாது. மாடி ஏறினால் வயதுக்கு மீறி மூச்சு வாங்குவது, நெஞ்சு காரணமில்லாமல் படபடப்பது, இவற்றையும் உடம்பில் சத்தில்லை என்று டானிக் வாங்கிக் கொடுத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவர் சொன்ன பெயர் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, சுருக்கமாக எச்.சி.எம். "இதயம் வீங்கியிருக்கா டாக்டர்?" என்று அம்மா கேட்டார். அது வீக்கம் இல்லை. நம் பக்கத்து ஒண்டுக்குடித்தன அறையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் சுவர் உள்பக்கமாகக் கனத்துக்கொண்டே வருகிறது. அறை சின்னதாகும், வாசலும் குறுகும். இடது கீழறையின் சுவர் பெரியவர்களுக்குச் சுமார் 12 மி.மீ. வரை இருக்கலாம். பி.பி. போன்ற வேறு காரணம் இல்லாமல் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தால் 13 மி.மீ.யே கவனிக்க வேண்டிய அளவு. தம்பிக்கு 23. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்பது வெகுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் வட சென்னையில் எத்தனை வீடுகளில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாரடைப்பு மாத்திரை ஆபத்தாகலாம்

தம்பிக்கு ஒரு நாள் இரவு நெஞ்சு வலித்தது. மாடி வீட்டு மாமா ஓடி வந்தார். அவர் ஸ்டென்ட் வைத்தவர். சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சோர்பிட்ரேட் மாத்திரையை எடுத்து அவன் நாக்குக்கு அடியில் வைத்தார். அன்பால் செய்ததுதான். பத்து நிமிடத்தில் அவனுக்கு வியர்த்துக் கொட்டி, முகம் வெளுத்து, மறுபடி மயக்கம் வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் அடைப்பு. எச்.சி.எம். தசையின் நோய். பலருக்கு அந்தத் தடித்த தசை, ரத்தம் வெளியேறும் வாசலையே மறிக்கிறது. சோர்பிட்ரேட் ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடுகிறது; இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. இதயம் நிறையாதபோது அந்தக் குறுகிய வாசல் இன்னும் ஒட்டிக்கொள்கிறது. மாரடைப்புக்காரருக்கு நிம்மதி தரும் மாத்திரை, அடைப்புள்ள எச்.சி.எம். உள்ளவரைக் கீழே தள்ளிவிடும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் ஆண்மை மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். பி.பி.க்குக் கொடுக்கும் அம்லோடிபின், சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரைகள் இவையும் சிலருக்கு ஆகாது. அதனால் பல் பிடுங்கப் போனாலும், காய்ச்சலுக்குத் தெருமுனை டாக்டரிடம் போனாலும், "எனக்கு எச்.சி.எம். இருக்கு" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். தம்பி அதை ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறான். நெஞ்சு வலி வந்தால் 108-ஐக் கூப்பிட்டு, அவர்களிடமும் அந்த அட்டையைக் காட்ட வேண்டும்.

"ஆஞ்சியோ நார்மல், கவலை இல்லை" என்று திரும்பி வருவதும் இதே குழப்பத்தால்தான். ஆஞ்சியோ குழாயைப் பார்ப்பது. தசையைப் பார்க்க எக்கோ வேண்டும்.

தண்ணீர் விஷயத்திலும் இதே கணக்கு. உடம்பில் நீர் வற்றினால் அந்த வாசல் குறுகும். அக்னி நட்சத்திரத்தில் வேலை, வாந்திபேதி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத விரதம் எதுவும் இவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. விரதம், நோன்பு இருக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். குடிப்பழக்கமும் அந்த வாசலின் அடைப்பைக் கூட்டும்.

பழைய சாவுகளைத் திரும்பிப் பார்க்காதது

மருத்துவர் ஒரு தாளை எடுத்து, "மூன்று தலைமுறை சொல்லுங்க, யார் யார் எந்த வயசுல எப்படிப் போனாங்க?" என்று கேட்டார். "அப்படி ஒண்ணும் இல்ல சார்" என்று உடனே சொல்லிவிட்டேன். அது பொய் என்பது வீட்டுக்கு வந்து ஆயாவிடம் கேட்டபோதுதான் புரிந்தது.

தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். 41 வயதில், சுமையோடு படியேறும்போது விழுந்து இறந்தார். வெயில் என்றார்கள். சித்தப்பா 33 வயதில் ஒரு பொங்கல் அன்று கபடி ஆடிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குடிச்சே செத்தான் என்று தெருவே பேசியது. அத்தை ஒருத்தியைக் கிணற்றடியில் காற்று கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். மூன்றுக்கும் மூன்று கதைகள். பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. சித்தப்பாவைப் பற்றி இத்தனை வருடம் நாங்கள் பேசிய பேச்சை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் 50 வயதுக்குள் திடீரென்று இறந்தவர்கள், நீந்தத் தெரிந்தும் தண்ணீரில் மூழ்கியவர்கள், காரணம் தெரியாமல் வண்டியோடு விழுந்தவர்கள், 'ஃபிட்ஸ்' என்று சொல்லப்பட்டவர்கள் எல்லோரையும் எழுதுங்கள். வீட்டில் இருக்கும் வயதான பெண்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். இள வயதில் ஒருவர் திடீரென்று இறந்தால், "உடம்பை அறுக்க வேண்டாம்" என்று பிரேதப் பரிசோதனையைத் தடுப்பதும் ஒரு தவறுதான். இறந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்கு இருக்கிறது.

யார் ரத்தம் என்ற சண்டை

முதலில் பழி அம்மா மேல் விழுந்தது. "உங்க வீட்டுப் பக்கம் யாருக்கோ இருந்திருக்கும்" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அப்பாவுக்கு வயது 61, இன்றும் சைக்கிள் மிதிக்கிறார், பி.பி. கூடக் கிடையாது. யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. அவருக்கும் எக்கோ எடுத்துப் பார்த்ததில் 16 மி.மீ. என்று வந்தது.

அன்றிலிருந்து அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். தம்பியோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார். ஒரு நாள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, "நான்தானடா குடுத்தேன்" என்றார். பழி சொல்வதை விட மோசமானது, பழியைத் தானே தலையில் போட்டுக்கொள்வது. அவருக்கு அவருடைய அப்பா கொடுத்தார். அவரும் தெரிந்து கொடுக்கவில்லை. ஒரே மரபணு மாற்றம் ஒரே குடும்பத்தில் ஒருவரை 33 வயதில் சாய்க்கும். இன்னொருவரை 61 வயதிலும் சைக்கிள் மிதிக்க விடும். தெம்பாக இருப்பவரைப் பரிசோதிக்காமல் விட்டது எங்கள் தவறு.

இந்த நோய் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அந்த மாற்றம் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. "ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு வந்துடுச்சு, இனி இன்னொருத்தனுக்கு வராது" என்பது தப்புக் கணக்கு. ஒவ்வொரு பிறப்பும் தனித்தனியாகச் சுண்டிய காசு.

அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தால்தான் வந்தது என்பதும் பாதி உண்மைகூட இல்லை. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும். ஆனால் ஒரே குடும்பத்துக்குள் கட்டும்போது இருவரிடமும் அதே மாற்றம் இருக்கலாம். இரண்டு பக்கமும் இருந்து பெறும் குழந்தைக்குச் சிறு வயதிலேயே நோய் கடுமையாக வரும். சொந்தத்தில் சம்பந்தம் பேசும் முன் இதைப் பேசியாக வேண்டும்.

பரிசோதனையில் நடக்கும் பிசகுகள்

தம்பியின் மாற்றம் எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் இருந்தது. அதே மரபணுவில், 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப்போன வேறொரு மாற்றம் தெற்காசியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக, ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மைய விஞ்ஞானிகள் இடம்பெற்ற குழு 2009-இல் கண்டறிந்தது. அது இருந்தால் இதயத்தசை நோய்க்கான ஆபத்து கூடும். ஆனாலும் இருப்பவர் எல்லோரும் நோயாளி ஆகிவிடுவதில்லை.

மரபணுப் பரிசோதனையை நோய் உள்ளவரிடமிருந்து தொடங்க வேண்டும். நல்ல ஆரோக்கியமாக இருக்கும் மகளுக்கு முதலில் எடுத்து, 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. நோய் உள்ள பலரிடமே எந்த மாற்றமும் பிடிபடுவதில்லை. அதனால் நோய் இல்லை என்று ஆகாது. பொருள் தெளியாத மாற்றம் என்று அறிக்கை வந்தால், அதை வைத்துக் கல்யாணம், பிள்ளைப்பேறு எதையும் முடிவு செய்யாதீர்கள். தம்பியிடம் தெளிவான மாற்றம் கிடைத்ததால் எங்களால் அதை மட்டும் தேட முடிந்தது. எனக்கு இல்லை. அக்காவுக்கு இருக்கிறது, எக்கோ இப்போதைக்கு நார்மல். 'இல்லை' என்ற தாளைக் கையில் வாங்கியபோது சந்தோஷத்தை விட, அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாத கஷ்டம்தான் இருந்தது.

பணம் இல்லை என்று மரபணுப் பரிசோதனையை விடலாம், ஈ.சி.ஜி.யையும் எக்கோவையும் விடக்கூடாது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் இரண்டும் எடுக்க வேண்டும். ஒரு தடவை நார்மல் என்று வந்ததும் ஃபைலைப் பரண்மேல் போட்டுவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். தடிப்பு பிறக்கும்போதே இருக்காது. பெரும்பாலும் வளரும் வயதிலோ அதற்குப் பிறகோதான் தலைகாட்டும். பிள்ளைகளுக்கு 1 அல்லது 2 வருடத்துக்கு ஒரு முறை, பெரியவர்களுக்கு 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை மறுபடி பார்க்க வேண்டும். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. ரயில்வே குடும்பங்களுக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை, குழந்தைகளுக்கு எழும்பூர். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை பெறலாம். சிகிச்சை எழுதிக் கொடுக்கும் முன்பே மருத்துவமனையில் அந்தத் திட்டத்தின் மேசையில் விசாரித்துவிடுங்கள்.

பந்தை ஒளித்து வைத்த அம்மா

2003 ஜூனில் பிரான்ஸின் லியோனில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ மைதானத்திலேயே விழுந்து இறந்தார். அவருக்கு வயது 28. இதே நோய்தான். கால்பந்தே மூச்சாக இருக்கும் வியாசர்பாடியில் இதைப் பையன்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. நோய் தெரிந்த பிறகும் யாருக்கும் சொல்லாமல் போட்டி ஆடுவது பெரிய தவறு.

அம்மா அதற்கு நேர் எதிர்ப் பக்கம் போனார். பந்து, பூட்ஸ் எல்லாவற்றையும் ஒளித்து வைத்து, அவனை மாடிப்படி ஏறவும் விடவில்லை. நாலு மாதத்தில் எட்டு கிலோ கூடி, யாரிடமும் பேசாமல் கிடந்தான். மிதமான நடை, சைக்கிள் போன்ற உடற்பயிற்சி இந்த நோய் உள்ள பெரும்பாலானோருக்கு நல்லது என்றுதான் இப்போது சொல்கிறார்கள். எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவர் சொல்வார். தம்பி இப்போது காலையில் காசிமேடு பக்கம் நடக்கிறான். சாயந்திரம் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறான்.

மயக்கம், குடும்பத்தில் திடீர் மரணம், இரண்டையும் பார்த்து அவனுக்கு ஐ.சி.டி. என்ற கருவியை வைத்தார்கள். துடிப்பு தாறுமாறானால் அது உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுக்கும். எல்லோருக்கும் அது தேவைப்படாது. வைத்தால் நோய் போய்விட்டது என்றும் இல்லை. கருவி வைத்த தைரியத்தில் அவன் பத்து நாள் இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் மெட்டோப்ரோலால் மாத்திரையை விட்டுவிட்டான். அந்த வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவே கூடாது.

கல்யாணப் பேச்சு வந்தபோது மறைத்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் தூங்கப் போகிற பெண்ணுக்கு, அவன் விழுந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டாமா? இரண்டு சம்பந்தம் தட்டிப் போனது. மூன்றாவது வீட்டில் பெண்ணே எக்கோ அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தாள். எச்.சி.எம். உள்ள பெண்களிலும் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரிடம் பேசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா பல மாதம் ராத்திரியில் எழுந்து, தம்பியின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நாங்கள் பாசம் என்று விட்டுவிட்டோம். அவருக்கு அப்போதே உதவி தேவைப்பட்டது. டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். அம்மாவுக்கு அதை விட நிம்மதி கொடுத்தது சி.பி.ஆர். கற்றுக்கொண்டதுதான். விழுந்தவர் அசையாமல், மூச்சு சரியாக இல்லாமல் இருந்தால் முதலில் 108. உடனே நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்த வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளித்து, கையில் சாவி கொடுத்து நேரத்தைப் போக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எல்லோரும் தலையணை மேல் அதைப் பழகுகிறோம். அப்பாவும் வந்து தம்பி பக்கத்தில் உட்காருவார். சத்தமாக எண்ணுவது அக்காவின் மகன். அவனுக்கு வயது 13. அடுத்த எக்கோ மாசியில்.