அணுச் சிப்: கணவாய்க் காற்றில் பிடிப்பதும் நகர்த்துவதும்

அணுச் சிப் என்பது மெல்லிய தங்கக் கம்பிகள் பதித்த தகடு; அவற்றின் காந்தப் புலத்தால் குளிர்ந்த அணுக்களைப் பரப்புக்கு மேலே பிடித்து நகர்த்தலாம். தங்கக் கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப் புலம் வளையமாக நிற்கும். வெளிக் காயிலால் (கம்பிச் சுருளால்) குறுக்கே சீரான புலம் ஒன்று கொடுங்கள். கம்பிக்கு மேலே ஓரிடத்தில் இரண்டும் அடித்துப் பூஜ்யமாகும். குளிர்ந்த ருபீடியம்-87 அணுக்கள் அங்கேதான் தங்கும். ஆம்பியரை இரண்டால் பெருக்கி, வெளிப்புலத்தின் காஸால் (காஸ் என்பது காந்தப் புல அலகு) வகுத்தால் உயரம் மில்லிமீட்டரில் வரும். 2 ஆம்பியர், 20 காஸ் என்றால் 0.2 மி.மீ.; புலச் சரிவு சென்டிமீட்டருக்கு 1000 காஸ். அணுக்கள் கீழே விழாமல் தாங்க 15 போதும், மீதியெல்லாம் இறுக்கத்துக்கு.

சிப்பில் கம்பி 100 மைக்ரான் அகலம், 5 மைக்ரான் தடிமன், 10 மி.மீ. நீளம் என்றால் தடை சுமார் 0.45 ஓம்; 2 ஆம்பியரில் 1.8 வாட் சூடு. வெற்றிட அறையை மூடுமுன் தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மின்னோட்டம் ஓடும்போது தடை பத்து சதவீதம் ஏறினால் கம்பியின் வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரி கூடியிருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள். எரிந்த கம்பியை ஒட்டவைக்க முடியாது, அறையைத் திறந்துதான் ஆக வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி ஆய்வகம் வைப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது ஈரம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் அறை 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் இருந்தால் 24 டிகிரியிலேயே பனி படியும். குளிர்நீரை 18இல் ஓட்டினால் குழாயும் வெளி மின்முனைகளும் வியர்த்து மின்கசிவு வரும். நீரை 25க்குக் கீழே இறக்காதீர்கள். லேசர் டையோடின் பெட்டியில் சிலிக்கா ஜெல் வையுங்கள்.

இரண்டாவது பூமியின் காந்தம். பூமியின் புலம் முழுக்கக் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு இந்தத் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் அதனால்தான். இங்கே புலம் ஏறக்குறைய கிடையாக, வடக்கு தெற்காக, 0.4 காஸ். அணுக்களை முதலில் சேர்க்கும்போது வெளிப்புலம் 2 காஸ்தான். கம்பி கிழக்கு மேற்காக இருந்தால் இந்த 0.4 நேராக அதில் கூடும் அல்லது கழியும், 2 மி.மீ.யில் இருக்க வேண்டிய அணு மேகம் 1.7க்கோ 2.5க்கோ போய்விடும். அணுக்களைப் பிடிக்கும் நடுக்கம்பியை வடக்கு தெற்காக வையுங்கள். அப்போது பூமியின் புலம் கம்பியின் நீளவாக்கில் விழும். ஒரு சிறு காயிலால் சரிக்கட்டலாம்.

இனி லேசர் பிடியிலிருந்து காந்தப் பிடிக்கு மாற்றும் கட்டம். அணுக்கள் அதிகம் தொலைவது இங்கேதான். ‘யு’ வடிவக் கம்பியின் மேல், சிப்பின் தங்கப் பரப்பே கண்ணாடியாக இருக்க, 45 டிகிரியில் லேசர் விட்டு மேகத்தைச் சேருங்கள். லேசரை அணைத்து, காந்தம் தாங்கும் நிலைக்கு அணுக்களைத் தள்ளி, ‘இசட்’ கம்பிக்கு மாற்றுங்கள். ‘யு’வின் நடுவில் புலம் நிஜமாகவே பூஜ்யம்; அங்கே அணுவின் சுழல் (ஸ்பின்) புரண்டு அணு பறிபோகும். ‘இசட்’டின் இரு கால்களும் நீளவாக்கில் ஒரு காஸ் போல விட்டுவைக்கும். அது இருக்கிறதா என்று ரேடியோ அலையால் அளவிடுங்கள்: ஒரு காஸுக்கு 0.7 மெகாஹெர்ட்ஸ். ‘இசட்’டை 2 ஆம்பியர், 8 காஸில் பிடித்தால் உயரம் அரை மில்லிமீட்டர். மேகத்தின் நடுவும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடித்த கையோடு மேகம் ஊசலாடிச் சூடேறும்.

நகர்த்த, நீளவாக்கில் வளைந்து வளைந்து ஓடும் இரண்டு கம்பிகள் வேண்டும். ஒன்றில் சைன், மற்றதில் கொசைன் மின்னோட்டம். 2001இல் மியூனிக்கில் செய்துகாட்டியது இதே வழி. வளைவின் அலகு 1 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு மேகம் 1 மி.மீ. நகரும். 100 மில்லிசெகண்டுக்கு ஒரு சுற்று, வினாடிக்கு 10 மி.மீ. சைன், கொசைன் அலைகளின் கட்டத்தின் (ஃபேஸ்) குறியை மாற்றினால் திரும்பி வரும். நீளவாக்கு அலைவு 20 ஹெர்ட்ஸ் என்றால் முழு வேகத்தைத் தொட 150 மில்லிசெகண்டாவது எடுங்கள். திடுமெனக் கிளப்பினால் மேகம் பின்தங்கிச் சிதறும். கால் சுற்றுக்கு ஒரு முறை மேகம் வெட்டி வெட்டி இழுத்தால் இரு கம்பிகளின் உச்ச மின்னோட்டம் சமமில்லை. ஒரே கட்டத்தில் திரும்பத் திரும்ப அணு குறைந்தால் அங்கே பொறியின் அடியில் உள்ள புலம் பூஜ்யத்தைத் தொடுகிறது. நீளவாக்குக் காயிலில் அரை காஸ் கூட்டுங்கள்.

பரப்புக்கு மிக அருகே இறக்கினால் நீளமான மேகம் துண்டு துண்டாகத் தெரியும். கம்பி ஓரத்தின் சொரசொரப்பால் மின்னோட்டம் வளைந்து ஓடுவதே காரணம். மின்னோட்டத்தின் அளவை மட்டும் மாற்றி இதைப் போக்க முடியாது, உயரத்தைக் கூட்டுங்கள்.